வாணம் காணச் செல்லும் வண்டிகள்

(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் பெரும் படிப்புப் படித்தவன் அல்லன். மெட்ரிக் தேறியதோடு ஏட்டுக் கல்வியை முடித்துக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக முன்பதிவு அலுவலகத்தின் கண்ணாடிச் சாளரத்திற்குப் பின்னே அமர்ந்திருப்பவன். கடல் கடந்து சென்றவனும் அல்லன். ஆயினும் பிறர் தொடர்கதை படிப்பது போல நான் கால அட்டவணை படிப்பவன். அதில் நம் நாட்டு அட்டவணை, அயல்நாட்டு அட்டவணை என்ற வேற்றுமை பார்ப்பதில்லை. அந்தப் பழக்கத்தை அறிந்துதான் போலும், “ஜப்பான் நாட்டுக் கோடைத் திருவிழாக்களும் இருப்புப்பாதையும்” என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் எனக்குக் கட்டளையிட்டார். மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன்.

சாளரத்தின் பின்னே அமர்ந்திருப்பவனுக்கு மனித முகங்களைப் படிக்கும் கல்வி மட்டும் தடையின்றிக் கிடைக்கிறது. வழக்குக்குச் செல்பவர் முகம் வேறு; மருத்துவமனைக்குச் செல்பவர் முகம் வேறு; சொந்த ஊர்த் திருவிழாவுக்குச் செல்பவர் முகம் முற்றிலும் வேறு. அந்த முகத்தை ஜப்பானிய நிலையங்களில் ஆகஸ்டு மாதந்தோறும் இலட்சக்கணக்கில் காணலாம். அதன் காரணத்தை ஆராய்வதே இன்றைய என் முயற்சி.

பூவும் நெருப்பும்

ஜப்பானிய மொழியில் வாணவேடிக்கைக்கு ‘ஹனாபி’ என்று பெயர். ‘ஹனா’ என்றால் பூ; ‘ஹி’ என்றால் நெருப்பு. இரண்டும் சேருமிடத்து ‘ஹி’ என்பது ‘பி’ எனத் திரிகிறது. புணர்ச்சி இலக்கணம் நமக்கு மட்டும் உரியதன்று என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்க! நாமும் பூவாணம் என்றுதானே சொல்லுகிறோம்.

நம் நாட்டில் வாணம் என்றவுடன் தீபாவளியும் திருமண ஊர்வலமும் நினைவுக்கு வரும். ஜப்பானியர்க்கோ அது இறந்தோர் நினைவோடும் பிணைந்த ஒன்று. டோக்கியோ நகரத்துச் சுமிதா ஆற்றங்கரையில் ஜூலை மாதத்துக் கடைசிச் சனிக்கிழமையன்று ஏறத்தாழ 20,000 வாணங்கள் விடப்படுகின்றன. 1732ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் மாண்டவர்களின் ஆவி அமைதியுறும் பொருட்டு 1733இல் அந்த ஆற்றங்கரையில் நடந்த சடங்கே இதன் தொடக்கம் என்பது அந்நகரத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

ஆகஸ்டு நடுவில் வருவது ‘ஓபோன்’ என்னும் முன்னோர் நாள். நாட்டின் பெரும் பகுதியில் இது 13ஆம் நாள் முதல் 16ஆம் நாள் வரை நடக்கும். இச்சொல் ‘உல்லம்பன’ என்னும் வடசொல்லின் வழி வந்தது என்பது மரபு. புத்தரின் சீடராகிய மௌத்கல்யாயனர் தம் தாயைத் துன்பத்தினின்று மீட்ட கதையே இதற்கு அடிப்படை. ஆக, வேர் நம் பாரத நாட்டு வேர்தான். வீட்டு வாயிலில் சிறு நெருப்பு ஏற்றி முன்னோரை வரவேற்பார்கள். முடிவில் மீண்டும் நெருப்பு ஏற்றி வழியனுப்புவார்கள். கியோட்டோ நகரில் 16ஆம் நாள் இரவு, நகரைச் சூழ்ந்த ஐந்து மலைச் சரிவுகளில் பெருந்தீ மூட்டி இந்த வழியனுப்புதல் நடைபெறுகிறது. ஆடி அமாவாசையன்று நீர்க்கரையில் எள்ளும் நீரும் இறைக்கும் நமக்கு இதனை விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ?

முன்னோர் வீட்டுக்கு வருகிறார்கள் என்றால், பிழைப்புத் தேடி வெளியூர் சென்ற பிள்ளைகளும் வந்தாக வேண்டும் அல்லவா? எனவேதான் அந்த வாரத்தில் தலைநகரை விட்டுப் புறப்படும் வண்டிகள் நிரம்பி வழிகின்றன. அங்கே இருக்கை முன்பதிவு, பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்னர்க் காலை 10 மணிக்குத் திறக்கிறது. இங்கே 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்னர் என்று விதி இருக்கிறது. காத்திருப்போர் நெஞ்சு படபடப்பது மட்டும் இரு நாட்டிலும் ஒன்றுதான்!

ஆடிப்பெருக்கு நாளில் ஓர் ஆற்றங்கரை

ஆகஸ்டு 2, 3 ஆகிய நாட்களை நாம் ஆடிப்பதினெட்டு என்று அறிவோம். காவிரிக் கரையில் நம் பெண்மணிகள் புதுப்புனலை வணங்கும் அதே நாட்களில், ஜப்பானின் மிக நீண்ட ஆறாகிய ஷினானோவின் கரையில் நாகவோகா என்னும் நகரத்தார் கூடுகிறார்கள். இந்நாட்கள் ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி மாற்றப்படுவதில்லை. எக்கிழமையாயினும் அதே 2, 3தான். அதற்குரிய காரணம் நெஞ்சை உருக்குவது.

1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் இரவு 10.30 மணிக்கு அமெரிக்க விமானங்கள் அந்நகரின் மீது தீக்குண்டுகளைப் பொழிந்தன. 1,480க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நகரின் பெரும் பகுதி சாம்பலாயிற்று. மறு ஆண்டே அதே நாளில் மக்கள் மறுவாழ்வு விழா எடுத்தார்கள். 1947இல் வாணவேடிக்கையும் மீண்டது. இன்றும் ஆகஸ்டு 1ஆம் நாள் இரவு சரியாக 10.30 மணிக்குக் கோயில் மணிகள் ஒலிக்க, வெண்சாமந்தி போல விரியும் வெள்ளை வாணங்கள் மூன்று வானில் எழுகின்றன. மறுநாள்தான் வண்ணங்களுக்கு இடம். முதலில் துக்கம், பிறகு விழா என்னும் இந்த ஒழுங்கு எண்ணத்தக்கது.

அந்த வாணங்களின் இயல்பையும் சிறிது சொல்ல வேண்டும். ஜப்பானிய வாணம் உருண்டை வடிவானது. உள்ளே மருந்துருண்டைகளை வட்டம் வட்டமாக அடுக்கி, நடுவில் வெடிமருந்து வைத்து, புறத்தே காகிதத்தைப் பல சுற்று ஒட்டி உலர்த்துகிறார்கள். மேலே எழுந்து, ஏற்றம் முடிந்து, இறக்கம் தொடங்குவதற்கு முன்னுள்ள அந்த ஒரு கணத்தில் அது வெடிக்க வேண்டும். அவ்வாறு வெடித்தால் எத்திசையிலிருந்து பார்த்தாலும் ஒரே வட்டமான மலராகத் தோன்றும். நாகவோகாவின் பெருமைக்குரிய மூன்று அடி வாணம் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் குறுக்களவும் 300 கிலோகிராம் எடையும் உடையது. அது 600 மீட்டர் உயரத்தில் 650 மீட்டர் அகலத்திற்கு மலர்கிறது. நம் சிவகாசித் தொழிலாளர் கைத்திறனை அறிந்தவர்கள் இதன் பின்னேயுள்ள உழைப்பை எளிதில் உணர்வார்கள். சிவகாசி என்றவுடன் கடமையின் பொருட்டு ஒன்று கூறிவிடுகிறேன்: பட்டாசுப் பெட்டியை வண்டியில் எடுத்துச் செல்வது நம் நாட்டில் 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி குற்றம். காலனிச் சிறுவர்கள் இதனை மறவாதிருக்க வேண்டும்!

டோக்கியோவுக்கும் நாகவோகாவுக்கும் இடையே பனி மூடும் பெருமலைத் தொடர் குறுக்கிடுகிறது. 1931இல் ஏறத்தாழ 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஷிமிசு சுரங்கத்தைக் குடைந்த பின்னரே நேர்வழி கிடைத்தது. 1982 நவம்பரில் ‘ஷின்கான்சென்’ எனப்படும் அதிவேக இருப்புப்பாதை அம்மலைத் தொடரின் கீழ் 22 கிலோமீட்டர் நீளமுள்ள மற்றொரு சுரங்கத்தின் வழியே வந்து சேர்ந்தது. இப்போது இரண்டு மணி நேரத்திற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. விழா இரவுகளில் சிறப்பு வண்டிகளும் ஓடுகின்றன. திருவிழாக் கூட்டத்தை ஏற்றிச் செல்வது எளிது. அது பல மணி நேரத்தில் சிறிது சிறிதாக வரும். கடைசி வாணம் அணைந்ததும் ஒரே நேரத்தில் நிலையத்தை நோக்கித் திரும்பும் கூட்டத்தை வரிசை குலையாமல் வீடு சேர்ப்பதே இரயில்வே ஊழியனின் தேர்வு. நம் கும்பமேளா வண்டிகளில் பணியாற்றிய நண்பர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் தலையசைப்பதைக் காண்கிறேன்.

2004ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் அப்பகுதியைக் கடும் நிலநடுக்கம் தாக்கியது. நாகவோகாவை நெருங்கிக்கொண்டிருந்த ‘தோக்கி 325’ என்னும் அதிவேக வண்டி, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் தடம் புரண்டது. பயணிகளை ஏற்றிச் சென்ற ஷின்கான்சென் வண்டி தடம் புரண்டது அதுவே முதல் தடவை. வண்டியில் இருந்தோர் 150 பேருக்கு மேல், ஒருவரும் உயிரிழக்கவில்லை. இரவு பகலாக உழைத்து, அவ்வாண்டு டிசம்பர் 28ஆம் நாள் பாதையை மீண்டும் திறந்தார்கள். மறு கோடையில், 2005இல், நாகவோகா மக்கள் ‘பீனிக்ஸ்’ என்று பெயரிட்டு ஆற்றங்கரை நெடுகிலும் ஒரே நேரத்தில் எழும் புதிய வாண வரிசை ஒன்றை அமைத்தார்கள். சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயர் அது. அவ்வரிசை இன்றளவும் தொடர்கிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பேர்ல் துறைமுகத் தாக்குதலைத் திட்டமிட்ட கடற்படைத் தலைவர் யமமோத்தோ பிறந்த ஊர் இந்த நாகவோகாவே. போர் முடிந்து 70 ஆண்டுகள் நிறைந்த 2015 ஆகஸ்டு 15ஆம் நாள், அதே பேர்ல் துறைமுகத்தில் நாகவோகாவின் வெண்சாமந்தி வாணங்கள் இருதரப்பிலும் மாண்டவர்களின் நினைவாக எழுந்தன. குண்டு விழுந்த ஊர், குண்டு விழுந்த மற்றோர் ஊருக்கு மலர் அனுப்பியது என்று இதனைச் சொல்லலாம்.

பின்னோக்கி ஓடும் வண்டி

வடக்கே அகிதா மாநிலத்தில் ஓமகாரி என்னும் சிற்றூர் இருக்கிறது. 1910 முதல் அங்கே வாணக் கலைஞர்களின் போட்டி நடந்து வருகிறது. ஆகஸ்டு மாதத்துக் கடைசிச் சனிக்கிழமையன்று நாட்டின் தேர்ந்த கலைஞர்கள் தாம் செய்த வாணங்களைத் தாமே ஏற்றிக் காட்டிப் பரிசுக்குப் போட்டியிடுகிறார்கள். பகல் வெளிச்சத்திலேயே வண்ணப் புகையால் கோலமிடும் போட்டியும் உண்டு. தன் மக்கள் தொகையைப் போலப் பல மடங்கு மக்களை அச்சிற்றூர் அந்த ஒரு நாளில் ஏற்கிறது.

இரயில்வே குடும்பத்தார்க்கு இவ்வூரில் மற்றொரு சுவையும் உண்டு. ஜப்பானின் பழைய பாதைகள் 1,067 மில்லிமீட்டர் அகலமுடையவை. நம் மீட்டர் பாதையைவிடச் சிறிதே அகன்றவை. ஷின்கான்சென் பாதையோ 1,435 மில்லிமீட்டர். அகிதாவுக்குப் புதிய பாதை போடப் பொருள் போதாமையால், பழைய பாதையையே அகலமாக்கி 1997 மார்ச்சில் அதிவேக வண்டியை அதன்மேல் ஓடவிட்டார்கள். ஓமகாரி நிலையத்தில் இரு பாதைகளும் சேரும் முகம் எதிராக அமைந்திருக்கிறது. எனவே அங்கே வண்டி நின்று, திசை மாறி, அகிதா வரை பின்னோக்கி ஓடுகிறது. அரை மணிப் பயணமே எஞ்சியிருப்பதால் பயணிகள் இருக்கையைத் திருப்புவதில்லை. முதுகு காட்டியபடியே ஊர் போய்ச் சேர்கிறார்கள்.

விழா முடிந்ததும் ஒரு காட்சி நிகழும் என்கிறார்கள். ஆற்றின் அக்கரையிலிருந்து வாணக் கலைஞர்கள் கைவிளக்குகளை அசைக்க, இக்கரையிலுள்ள மக்களும் தம் கைவிளக்குகளை அசைத்து நன்றி கூறுவார்கள். காவலர் பச்சை விளக்கு அசைத்தால் ஓட்டுநர் ஊதல் ஒலித்து மறுமொழி கூறுவதை நித்தமும் காணும் நமக்கு இதன் அழகு நன்கு விளங்கும்.

ஒரு வாரத்தில் மூன்று விழாக்கள்

வடகிழக்குப் பகுதியின் பெருவிழாக்கள் ஒன்றையொன்று தொடுத்தாற்போல அமைந்துள்ளன. அவோமோரியில் ஆகஸ்டு 2 முதல் 7 வரை ‘நெபுத்தா’. உள்ளே விளக்கெரியும் மாபெரும் காகித வீரர்களை வண்டிகளில் வைத்து இழுத்து, சுற்றிலும் இளைஞர்கள் துள்ளி ஆடுவார்கள். முடிவு நாளில் அவ்வுருவங்கள் கடலில் உலா வர, மேலே வாணங்கள் மலரும். அகிதாவில் 3 முதல் 6 வரை ‘கந்தோ’. 46 விளக்குகள் தொங்கும் 12 மீட்டர் மூங்கிலை, 50 கிலோகிராம் எடையோடு, ஒருவரே உள்ளங்கையிலும் தோளிலும் நெற்றியிலும் நிறுத்திக் காட்டுவார். நம் கரகத்தையும் காவடியையும் ஒருங்கே நினைவூட்டும் கலை இது. செண்டாயில் 6 முதல் 8 வரை ‘தனபாத்தா’. ஆண்டுக்கு ஒரே ஓர் இரவு சந்திக்கும் இரு விண்மீன்களின் கதையைப் போற்றும் விழா. ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் ஊர் பார்க்கும் நம்மவர்க்கு அந்த விண்மீன்களின் மீது இரக்கம் பிறப்பது இயல்பே!

கைப்பொருள் குறைந்தவர்க்கென 1982 முதல் ‘இளமை 18’ என்னும் பொருள்படும் பருவச் சீட்டு ஒன்று உண்டு. தொடர்ந்து ஐந்து நாட்களுக்கு 12,050 யென். அதிவேக வண்டியில் ஏற முடியாது. நிலையந்தோறும் நிற்கும் வண்டியில் மட்டும் எவ்வளவு தொலைவும் செல்லலாம். பெயரில் 18 இருந்தாலும் எந்த வயதினரும் வாங்கலாம். தாத்தாக்கள் அஞ்ச வேண்டா. அவர்கள் மடியில் ‘எகிபென்’ என்னும் நிலையத்துச் சோற்றுப் பெட்டி இருக்கும். நம் மடியில் புளியோதரைப் பொட்டலம் இருப்பது போல!

2011 மார்ச்சு 11ஆம் நாள் நிலநடுக்கமும் கடற்கோளும் இப்பகுதியைச் சூறையாடின. அதிவேகப் பாதை முழுவதும் ஏப்ரல் 29ஆம் நாள் மீண்டது. கடலோரத்துச் சன்ரிக்கு என்னும் சிறிய இரயில் நிறுவனமோ, ஐந்தே நாட்களில், பிழைத்துக் கிடந்த ஒரு சிறு பகுதியில் வண்டியை ஓட்டியது. அவ்வாண்டு ஜூலையில் ஆறு மாநிலங்களின் விழாக்களும் செண்டாய் நகரில் ஒன்றுகூடி இறந்தோர்க்கு அஞ்சலி செலுத்தின.

வண்டி நின்றுபோன ஊர்

இதுவரை ஒளியைச் சொன்னேன். நிழலையும் சொல்லாவிட்டால் உரை முழுமை பெறாது.

ஜப்பானில் சிற்றூர்கள் முதுமை அடைகின்றன. பிள்ளைகள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். 1987 ஏப்ரலில் அரசு இரயில்வே பல நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்ட பின்னர், ஆள் ஏறாத கிளைப் பாதைகளின் கணக்கு மேலும் கண்டிப்பாகப் பார்க்கப்படுகிறது. நோட்டோ தீபகற்பத்தில் உஷித்சு என்னும் கடற்கரை ஊர் உண்டு. 2005 மார்ச்சு இறுதியோடு அவ்வூர் வழியே சென்ற 61 கிலோமீட்டர்ப் பாதை மூடப்பட்டது. ஆனால் விழா மூடப்படவில்லை. ஜூலை முதல் வெள்ளி, சனிக்கிழமைகளில், பதினேழாம் நூற்றாண்டில் கொள்ளைநோய் தீர எடுத்த விழாவின் தொடர்ச்சியாக, ‘கிரிகோ’ என்னும் நெடிய விளக்குத் தேர்களைத் தோளில் சுமந்து, கொழுந்துவிட்டெரியும் பந்தங்களைச் சுற்றி வருகிறார்கள். புத்தாண்டுக்கு வராவிட்டாலும், ஓபோனுக்கு வராவிட்டாலும், விழாவுக்கு மட்டும் வந்துவிட வேண்டும் என்பது அத்தீபகற்பத்துப் பிள்ளைகளின் எழுதாச் சட்டம்.

2024 சனவரி 1ஆம் நாள் நோட்டோவைப் பெரும் நிலநடுக்கம் குலைத்தது. வீடிழந்தோர் பலர். எஞ்சியிருந்த நோட்டோ இரயில் பாதையை ஏப்ரல் 6ஆம் நாளுக்குள் முழுவதும் சீர்செய்தார்கள். ஜூலையில் உஷித்சு மக்கள், இடிபாடுகள் அகலாத தெருக்களில், தேர்களைத் தோளில் தூக்கினார்கள். தேரைத் தூக்க வேண்டுவது காணிக்கையன்று, தோள்கள். அத்தோள்கள் வெளியூரிலிருந்து வந்தன.

தாதாமி என்னும் மலைப் பாதையின் கதையும் இத்தகையதே. 2011 ஜூலை வெள்ளத்தில் பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. பயணிகள் மிகக் குறைவாதலின் பேருந்தே போதும் என்று கைவிட்டிருக்கலாம். மாநிலமும் ஊராட்சிகளும் செலவில் பங்கேற்க முன்வந்தமையால், 11 ஆண்டுகள் கழித்து 2022 அக்டோபர் 1ஆம் நாள் வண்டி திரும்பி வந்தது. வண்டி போகும்போதெல்லாம் வழியிலுள்ள மக்கள் கையசைக்கிறார்கள். போய்விட்ட ஒன்று திரும்பி வந்தால்தான் அதன் அருமை தெரியும் போலும்.

நமக்கு இதனால் ஆவதென்ன?

பெரியோர்களே! வேடிக்கை பார்க்க இலட்சம் பேர் வருவதால் ஒரு திருவிழா வாழ்வதில்லை. ஊரை விட்டுப் போனவர்கள் திரும்பி வருவதால் வாழ்கிறது. நாகவோகாவும் நோட்டோவும் எனக்குக் கற்பித்த பாடம் இதுவே. ஏறுவார் இருக்கும் வரைதான் பாதை இருக்கும். வருவார் இருக்கும் வரைதான் விழா இருக்கும்.

இந்த நாகபுரியிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். டோக்கியோவிலிருந்து அவோமோரிக்குச் செல்வோர் மூன்று மணி அளவில் சேர்ந்துவிடுகிறார்கள். நமக்கு ஓர் இரவு முழுதும் வேண்டும், அதன்பின் ஊருக்கு மற்றொரு வண்டியும் வேண்டும். உண்மைதான். ஆனால் தொலைவா நம்மைத் தடுக்கிறது? சென்ற சில ஆண்டுகளாகச் சாளரத்தின் வழியே நான் காண்பது வேறு. கோடை விடுமுறைக்கு மலைவாழ் நகரங்களுக்குச் சீட்டுக் கேட்கிறோம். திருமணம் என்றால் ஊருக்குக் கேட்கிறோம். துக்கம் என்றால் அவசர ஒதுக்கீட்டில் கேட்கிறோம். ஊர்க் கோயிலில் கொடியேறும் நாளைச் சொல்லிச் சீட்டுக் கேட்போர் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். நம் ஊர்கள் பலவற்றில் வடம் பிடிக்க ஆளின்றி, மண் தள்ளும் இயந்திரத்தைப் பின்னே நிறுத்தித் தேரைத் தள்ளுகிறார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளை உங்கள் ஊர்த் தெய்வத்தின் பெயர் என்னவென்று கேட்டால் தாயின் முகத்தைப் பார்க்கிறார்கள். குற்றம் பிள்ளைகளுடையதன்று, காணாத தேரை அவர்கள் எவ்வாறு நினைவில் வைப்பார்கள்?

ஆதலின் ஒரு சிறு வேண்டுகோள். நம் சங்கத்தில் ஒரு குறிப்பேடு வைப்போம். ஒவ்வொரு குடும்பத்தாரும் தங்கள் ஊர்த் திருவிழாவின் பெயரையும், அது வரும் மாதத்தையும், அருகிலுள்ள புகைவண்டி நிலையத்தையும் அதில் எழுதட்டும். ஒரே திசையில் ஒரே வாரத்தில் செல்வோர் சேர்ந்து செல்லலாம். முன்பதிவு திறக்கும் நாளை நினைவூட்டுவதும், படிவம் நிரப்பித் தருவதும் என் பொறுப்பு. ஞாயிறுதோறும் மாலையில் சங்கக் கட்டடத்தில் இருப்பேன். அதற்கு மேல் சொற்பொழிவு வேண்டியதில்லை.

ஒரே ஒரு முறையேனும் உங்கள் குழந்தையின் கையில் தேர்வடம் பட வேண்டும். அதன் தழும்பு மறைந்துவிடும், நினைவு மறையாது. அந்நினைவு உள்ள பிள்ளை எங்கே பிழைக்கச் சென்றாலும், ஒருநாள் ஊருக்குச் சீட்டுக் கேட்டுச் சாளரத்தின் முன் வந்து நிற்கும்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இரயில்வேக்காரனே காலம் தவறினான் என்ற பழி வேண்டா.